பிடி, நகர்த்து, விடு

"பட்டனை அழுத்துங்கள்" என்று ஒரு கணினிக் கையேட்டில் எழுதியிருந்தால், முதல்முறையாகக் கணினி முன் உட்காருகிறவர் எந்தப் பட்டனை அழுத்துவார்? மவுஸில் பட்டன் இருக்கிறது. விசைப்பலகை முழுக்கப் பட்டன்கள்தான். திரைக்குள்ளும் 'ஓகே', 'கேன்சல்' என்று பட்டன்கள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் மூன்றுக்கும் ஒரே பேர். எழுதுகிறவருக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை, ஏனென்றால் அவருடைய கைக்கு விடை தெரியும். படிக்கிறவரின் கை இன்னும் பழகவில்லை. அதற்காகத்தான் அவர் கையேட்டைத் திறந்திருக்கிறார்.

தொடக்கநிலையினருக்கு மென்பொருள் கையேடுகளைத் தமிழில் எழுதுவது என் தொழில். மகளிர் குழுக்களில் கணக்கு எழுதுகிறவர்கள், சிறு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற பிறகு கடிதம் தட்டச்சு செய்யக் கற்க வருகிறவர்கள், இவர்கள்தான் என் வாசகர்கள். அட்டவணை போடுவது, கடிதத்தை அச்செடுப்பது போன்ற பெரிய பாடங்களை எழுதுவதில் எனக்கு அதிகச் சிரமம் இருந்ததில்லை. இத்தனை காலமும் என்னை யோசிக்க வைத்தவை, மவுஸைக் கொண்டு செய்யும் நான்கைந்து சின்ன அசைவுகள். அவற்றுக்குத் தெளிவாகப் பெயர் வைத்துவிட்டால் மீதிப் பாடம் தானாக நடக்கும். அங்கே குழப்பிவிட்டால், பின்னால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் வாசகர் அதுவரை வந்து சேரமாட்டார்.

பட்டன் சிக்கலுக்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு இது. மவுஸில் இருப்பது மட்டும் பட்டன். விசைப்பலகையில் இருப்பது கீ. திரையில் இருப்பதற்கு வகைப்பெயரே வேண்டாம். அதன்மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதன் பெயர். "ஓகே பட்டனைக் கிளிக் செய்யுங்கள்" என்ற வாக்கியத்திலிருந்து பட்டனை எடுத்துவிட்டால் ஒரு குறையும் வந்துவிடாது. மைக்ரோசாஃப்டின் எழுத்து நடைக் கையேடும் ஆங்கிலத்துக்கு இதையே பரிந்துரைக்கிறது. தமிழில் எழுதும்போது இன்னொரு கவனமும் வேண்டும். திரை ஆங்கிலத்தில் இருந்தால், கையேட்டிலும் அந்தச் சொல் திரையில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். பொருளைப் பக்கத்தில் தமிழில் தரலாம். 'சேமி' என்று மட்டும் அச்சிட்டால் படிக்கிறவர் திரை முழுக்கச் 'சேமி'யைத் தேடுவார். தமிழ்ப்பற்றுள்ள நண்பர்கள் இதற்காக என்மேல் வருத்தப்பட்டதுண்டு. அவர்கள் பற்று எனக்கும் உண்டு. லிப்ரே ஆஃபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழ் இடைமுகம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வகுப்புக்கு எழுதும்போது தமிழ்ச் சொல்லையே எழுதுகிறேன். திரையை முதலில் தமிழாக்க வேண்டும், கையேடு அதன் பின்னால் வரும் என்பது என் கட்சி.

அடுத்தது, கையில் இருப்பதற்கும் திரையில் அசைவதற்கும் தனித்தனிப் பெயர் வைப்பது. "மவுஸை மெனுவுக்குக் கொண்டுபோங்கள்" என்று பேச்சில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மவுஸ் மேசையில்தான் இருக்கிறது. மெனுவுக்குப் போவது அம்புக்குறி. மவுஸைத் தூக்கித் திரையின்மேல் வைத்த பெரியவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்தார் அவர். பிழை அவரிடம் சொல்லப்பட்ட வாக்கியத்தில் இருந்தது.

'கர்சர்' என்ற சொல் இன்னும் மோசம். எழுத்துகளுக்கு நடுவே மினுக்கும் செங்குத்துக் கோடும் கர்சர், மவுஸோடு சேர்ந்து நகரும் அம்பும் கர்சர். "கர்சரை இரண்டாம் வரியில் வையுங்கள்" என்பதைப் படித்தவர் அம்பைக் கொண்டுபோய் இரண்டாம் வரிமேல் நிறுத்திவிட்டுத் தட்டச்சு செய்வார். எழுத்துகள் பழைய இடத்திலேயே விழும். ஆகவே என் கையேடுகளில் கர்சர் கிடையாது. 'அம்புக்குறி' ஒன்று, 'மினுக்கும் கோடு' ஒன்று. அம்புக்குறி எழுத்தின்மேல் போகும்போது ஒல்லியான கோடாகவும், இணைப்பின்மேல் போகும்போது கையாகவும் மாறும் என்பதை முதல் பாடத்திலேயே படம் போட்டுச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அம்பு காணாமல் போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள்.

1999இல் டெல்லியின் கல்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்துவைத்து, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தாமாக அதை என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். அந்தப் பிள்ளைகள் அம்புக்குறியை ஊசி என்று பொருள்படும் 'சூயி' என்ற சொல்லால் அழைத்தார்கள். காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரச் சின்னம் அவர்களுக்குச் சிவன் கையிலிருக்கும் 'டம்ரு'. யாரும் சொல்லித்தரவில்லை, கண்ணில் பட்ட உருவத்துக்குத் தங்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரை வைத்துக்கொண்டார்கள், வேலையும் நடந்தது. அதைப் படித்த பிறகு, ஒன்றுக்குப் பெயர் தேடும்போது அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று முதலில் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. 'மினுக்கும் கோடு' அப்படி வந்ததுதான்.

கிளிக்குக்கு வருகிறேன். 'சொடுக்கு' நல்ல சொல். பல கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தில் நிலைத்தும் இருக்கிறது. ஆனால் வகுப்பில் பயிற்றுநர் வாயிலிருந்து வருவது கிளிக். பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதும், வீட்டில் பேரப்பிள்ளை சொல்லித்தருவதும் அதேதான். காதில் விழும் சொல்லும் தாளில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருந்தால் புதியவருக்குத் தைரியம் வருகிறது. அதனால் தொடக்கப் பாடங்களில் நான் கிளிக் என்றே எழுதுகிறேன். அந்தச் சொல்லில் ஒரு வசதியும் இருக்கிறது. அது ஓர் ஓசை. பட்டனுக்கு அடியிலிருக்கும் சின்ன சுவிட்ச் அந்த ஓசையை எழுப்பியதும் விரலைத் தளர்த்திவிடலாம் என்று காதே சொல்லிவிடுகிறது.

ஓசை முக்கியம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், "அழுத்துங்கள்" என்று எழுதும்போது நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அழுத்துவது என்றால் தமிழில் பலம் கொடுத்து, கொஞ்ச நேரம் செய்கிற காரியம். புதியவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே என்ன நடக்கிறது என்று திரையைப் பார்ப்பார். கை லேசாக நடுங்கினால் போதும், கணினி அதை இழுப்பதாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அதற்கான எல்லை, நாம் மாற்றாதவரை, வெறும் 4 பிக்ஸல். "தட்டுங்கள்" என்றாலோ விரலை உயரத் தூக்கி அடிப்பார்கள். மவுஸ் இடம் மாறிவிடும். எனவே கிளிக் என்றால் என்ன என்பதை ஒரே ஒரு இடத்தில் விரிவாகச் சொல்கிறேன்: விரல் பட்டன்மேலேயே இருக்கட்டும், ஓசை கேட்கும்வரை அழுத்தி, உடனே தளர்த்துங்கள், உள்ளங்கை அசைய வேண்டாம். அதன்பின் புத்தகம் முழுக்கக் 'கிளிக் செய்யுங்கள்' மட்டும்தான். 'அழுத்துங்கள்' என்பது கீக்கு மட்டும். ஒரே செயலை ஒரு பக்கத்தில் கிளிக், மறுபக்கத்தில் சொடுக்கு, இன்னொரு பக்கத்தில் தேர்வு என்று மாற்றி மாற்றி எழுதுவது கதைக்கு அழகாக இருக்கலாம். கையேட்டில் சொல் மாறினால் செயலும் மாறிவிட்டது என்றுதான் புதியவர் நினைப்பார், அப்படி நினைப்பது நியாயமும்கூட.

இனி, எந்தப் பட்டன்? இந்தக் கேள்வியும் ஏறக்குறைய மவுஸ் அளவுக்கே பழையது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டியபோது அதில் மூன்று பட்டன்கள் இருந்தன. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்ட்டோ கணினிக்கும் மூன்று. அங்கே ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியவர்கள் தங்கள் ஆவணங்களில் பட்டன்களைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழைத்தார்கள். தேர்ந்தெடுக்க ஒன்று, திருத்த ஒன்று, சன்னல்களைக் கையாள ஒன்று என்று வேலையைப் பிரித்துக்காட்டும் பெயர்கள் அவை. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் இரண்டு பட்டன்களோடு நின்றது. ஆப்பிள் 1983இல் லிசாவுக்கும் 1984இல் மேக்கின்டாஷுக்கும் ஒரே பட்டன் வைத்தது. எந்தப் பட்டன் என்று கையேட்டில் சொல்ல வேண்டிய தேவையே அங்கே எழவில்லை. புதியவர்கள்மேல் அக்கறை கொண்டு எடுத்த முடிவாகவே நான் அதை மதிக்கிறேன். அதற்கு விலையும் இருந்தது: ஒரே பட்டனைக் கொண்டு கூடுதல் வேலைகளைச் செய்ய இரட்டைக் கிளிக் தேவைப்பட்டது.

நம் வாசகர் கையில் இருப்பது இரண்டு பட்டனும் நடுவே சக்கரமும் உள்ள மவுஸ். இடது, வலது என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். திண்டுக்கல் பக்கம் ஒரு வகுப்பில் "ரைட் கிளிக் பண்ணுங்கக்கா" என்று சொன்னபோது, முன்வரிசையில் இருந்த அக்கா இடது பட்டனைக் கிளிக் செய்துவிட்டு, "ரைட்டாத்தானே தம்பி பண்ணினேன்?" என்றார். பஸ் கண்டக்டர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை 'ரைட்' என்பதைச் 'சரி' என்ற பொருளில்தான் அன்றாடம் சொல்கிறார்கள். சரியாகக் கிளிக் செய்யச் சொல்வதாக அவர் புரிந்துகொண்டதில் என்ன தவறு? "சோத்தாங்கைப் பக்கம்" என்று சொன்னால் சட்டென்று பிடிபடுகிறது. ஆனால் இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு அது முறையாக இருக்காது.

ஆகவே விரல்களின் பெயரை எடுத்துக்கொண்டேன். ஆள்காட்டி விரல் பட்டன், நடுவிரல் பட்டன். இடக்கைப் பழக்கம் உள்ளவர் மவுஸை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, அமைப்பில் பட்டன்களை மாற்றிக்கொண்டாலும் இந்த வாக்கியம் அவருக்கும் பொருந்தும். ஆங்கில ஆவணங்களில் இதற்காக முதன்மைப் பட்டன், இரண்டாம் பட்டன் என்ற பெயர்களும் உண்டு. புதியவருக்கு அவை எதையும் காட்டித் தருவதில்லை. விரலின் பெயர் காட்டித் தருகிறது. சிலர் நடுவிரலைச் சக்கரத்தின்மேல் வைத்துக்கொள்வார்கள் என்பதால் கை வைக்கும் முறையைக் காட்டும் படம் கட்டாயம் வேண்டும். நடுவிரல் கிளிக்கை வெளியில் ரைட் கிளிக் என்பார்கள் என்ற தகவலையும் அங்கேயே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காதில் விழும் சொல்லையே எழுத வேண்டும் என்ற என் விதிக்கு இது விலக்கு. இங்கே காதில் விழும் சொல்லே வழிமாற்றி விடுகிறது.

இரட்டைக் கிளிக்கை நான் தொடக்கப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டேன். விண்டோஸில் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே அனுமதிக்கப்படும் நேரம் இயல்பாக 500 மில்லி விநாடி, அதாவது அரை விநாடி. அந்த அரை விநாடிக்குள் கையும் அசையக்கூடாது. வயதானவர்களுக்கும், வயல் வேலையில் விரல் காய்ப்பேறியவர்களுக்கும் இது பெரிய சோதனை. மெதுவாக இரண்டுமுறை கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காமல் இருந்தாலாவது பரவாயில்லை. கோப்பின் பெயர்மேல் அப்படிச் செய்தால் பெயரை மாற்றும் கட்டம் திறந்துகொள்ளும். பதற்றத்தில் எந்த எழுத்துக் கீயைத் தொட்டாலும் பழைய பெயர் அழிந்துவிடும். ஒரு கிளிக் செய்து, பிறகு என்டர் கீயை அழுத்தினாலும் அதே கோப்பு திறக்கும். அதைத்தான் எழுதுகிறேன். இரட்டைக் கிளிக்கைக் கற்றுக்கொண்டவர்களுக்கு வேறொரு தொல்லை வருகிறது. எல்லாவற்றையும் இருமுறை கிளிக் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பி 'சப்மிட்' கொடுக்கும் இடத்திலும் இருமுறை. சில தளங்களில் விண்ணப்பம் இரண்டாகப் பதிவாகிவிடும். எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்பதற்குப் புதியவர் பிடித்துக்கொள்ளும்படியான விதியை அமைப்பே அவருக்குத் தருவதில்லை. கையேடு முடிந்தவரை அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மவுஸ் செயல்களில் எழுதக் கடினமானது டிராக்தான். 'இழு' என்பதுதான் வழக்கமான தமிழாக்கம். இழுப்பது என்றால் நமக்குக் கிணற்றுக் கயிறும் தேர்வடமும் ஞாபகம் வரும். நம் பக்கமாக வருவதுதான் இழுப்பது. கோப்பை மேலே இருக்கும் உறைக்குள் போட வேண்டிய இடத்தில் 'இழுங்கள்' என்று படித்தவர் மவுஸைத் தன் வயிற்றுப்பக்கம் கொண்டுவருவார். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் செயலின் நடுப்பகுதியை மட்டும் சொல்கிறது. முதலில் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிடித்த விரல் தளராமல் நகர்த்த வேண்டும், சேர வேண்டிய இடத்துக்கு வந்ததும் விட வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது முதலிலும் முடிவிலும். பாதி வழியில் விரல் தளர்ந்து கோப்பு எங்கோ விழுந்துவிடும், அல்லது வந்து சேர்ந்த பிறகும் விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை எடுத்து இறக்கிவைப்பது போல என்று வகுப்பில் சொல்வேன். இடையில் யாரும் கையை விடுவதில்லை, இறக்கிவைத்த பிறகு யாரும் பிடித்துக்கொண்டு நிற்பதுமில்லை. கையேட்டில் அதை மூன்று வினைகளாக, மூன்று வரிகளில் எழுதுகிறேன். பிடியுங்கள். பிடித்தபடியே நகர்த்துங்கள். விடுங்கள். பெயர் நீளமாகிவிட்டதே என்று பதிப்பாசிரியர்கள் கேட்பதுண்டு. நீளம்தான். செயலே நீளமானது.

வரிகளை நிறம் மாற்றித் தேர்ந்தெடுப்பதும் கைக்கு இதே அசைவுதான். ஆனால் அங்கே எதுவும் இடம் பெயர்வதில்லை. அதனால் அதை இதே பெயரால் அழைக்காமல், "முதல் எழுத்துக்கு முன்னால் பிடித்து, கடைசி எழுத்தைத் தாண்டி விடுங்கள், நடுவில் உள்ளவை நிறம் மாறும்" என்று தனியாக எழுதுகிறேன்.

இந்த அசைவு கைக்கு வர விளையாட்டு பெரிய உதவி. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிட்டேர் பல நாட்டு அலுவலகங்களில் மக்களின் கையைப் பழக்கியது. சீட்டைப் பிடித்து, நகர்த்தி, இன்னொரு சீட்டின்மேல் விட வேண்டும். தவறான இடத்தில் விட்டால் சீட்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடும், எதுவும் கெட்டுப்போகாது. நம் ஊரில் சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்கும் நிர்வாகிகள் உண்டு. அங்கெல்லாம் பெயின்ட் செயலியில் கோலம் போடச் சொல்கிறேன். புள்ளி வைப்பது கிளிக், கோடு இழுப்பது பிடித்து நகர்த்தி விடுவது. பெண்கள் இதை எடுத்துக்கொள்ளும் வேகம் எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

அம்புக்குறியைச் சும்மா கொண்டுபோய் நிறுத்துவதற்குப் பெயரே தேவையில்லை. "அம்புக்குறியை இந்தச் சொல்லின்மேல் நிறுத்துங்கள், கிளிக் செய்ய வேண்டாம்" என்றால் முடிந்தது.

கடந்த சில ஆண்டுகளில் வாசகரே மாறிவிட்டார். முன்பு வந்தவர்களுக்குக் கணினிதான் முதல் திரை. இப்போது வருகிறவர் கைபேசியில் பணம் அனுப்பி, படம் பார்த்து, பேசிப் பழகிய பிறகு கணினிக்கு வருகிறார். திரையை விரலால் தொட்டுப் பார்க்கிறார். சக்கரத்தைத் தன் பக்கம் உருட்டினால் பக்கத்தின் கீழ்ப்பகுதி வருவது அவருக்குத் தலைகீழாகத் தெரிகிறது, ஏனென்றால் கைபேசியில் விரலை மேலே தள்ளினால்தான் அது வரும். இந்தப் பழக்கத்தைக் குறையாகப் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்வது நல்லது. கைபேசியில் ஒன்றை விரலால் நீண்ட நேரம் அழுத்தினால் வரும் பட்டியலைப் போன்றதுதான் நடுவிரல் கிளிக்கில் வருவது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது. இன்னொரு பக்கம், தொடுதிரைக்கும் மவுஸுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மைக்ரோசாஃப்ட் முதலிய பெரிய நிறுவனங்களின் நடைக் கையேடுகள் இப்போது கிளிக் என்பதற்குப் பதிலாகத் 'தேர்ந்தெடு' என்ற பொருள் தரும் சொல்லை முன்வைக்கின்றன. பழகியவருக்கு அது போதும். தேர்ந்தெடுப்பது மனதில் நடக்கும் காரியம். கை என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. தொடக்கப் பாடத்தில் அதை நான் ஏற்கவில்லை. தொடுதிரைக்கு ஒரு கையேடு, மவுஸுக்கு ஒரு கையேடு என்று தனித்தனியாகப் போடலாம். தாள் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பெயர் சரியாக அமைந்தாலும் வாக்கியம் காலை வாரிவிடக்கூடும். எங்கே என்பதை முதலிலும், என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியிலும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதை விதியாகவே படிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இது நமக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது: "மேலே இடப்பக்க மூலையில் உள்ள 'File' என்பதைக் கிளிக் செய்யுங்கள்." கண் முதலில் போகிறது, கை பிறகு போகிறது. இந்த வரத்தை வைத்துக்கொண்டு, "கிளிக் செய்யப்பட வேண்டும்" என்று யார் செய்வது என்றே தெரியாத வாக்கியங்களை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 'செய்யவும்' என்பதில் அலுவலக அறிவிப்பின் குரல் கேட்கிறது. 'செய்யுங்கள்' என்பதில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஜான் கேரல் 1980களில் சொற்செயலி கற்கும் அலுவலகப் பணியாளர்களைக் கவனித்து, 1990இல் 'த நூர்ன்பெர்க் ஃபனல்' என்ற நூலை வெளியிட்டார். கற்கிறவர்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை, படிப்பதற்கு முன்பே கையை வைத்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதனால் தவறிப்போனால் திரும்பும் வழியையும் கையேடு சொல்ல வேண்டும் என்றார். நான் மவுஸ் பாடத்தின் ஒவ்வொரு செயலுக்கும் கீழே இரண்டு வரி சேர்ப்பது அவர் தந்த படிப்பினை. சரியாகச் செய்தால் திரையில் என்ன தெரியும் என்பது ஒரு வரி. வேறு ஏதாவது தெரிந்தால் 'எஸ்கேப்' கீயை அழுத்தி மறுபடி முயலுங்கள் என்பது இன்னொரு வரி. திறந்த பட்டியலை மூடவும், பெயர் மாற்றும் கட்டத்திலிருந்து வெளியேறவும், பாதியில் நிற்கும் நகர்த்தலைக் கைவிடவும் அந்த ஒரு கீ போதும். அதைத் தெரிந்துகொண்டவர் அதற்குப் பிறகு கணினியைக் கண்டு பயப்படுவதில்லை.

இன்று ரேஷன் அட்டை திருத்தம் முதல் கல்லூரி விண்ணப்பம் வரை எல்லாம் திரைக்கு வந்துவிட்டது. அவற்றுக்கான வழிகாட்டிகளைத் தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அச்சுக்கு அனுப்பும் முன், இதுவரை மவுஸைத் தொடாத ஒருவரிடம் உங்கள் பக்கங்களைக் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அவர் விரல் எந்த வரியில் தயங்குகிறதோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.